23 தள்ளி 127 கழித்தால் போதாது

"23 பிட் வலப்பக்கம் தள்ளு, 255-ஓடு ஆண்ட் போடு, 127-ஐக் கழி. ஃப்ளோட்டின் அடுக்கு கைக்கு வந்துவிடும். ஃப்ரெக்ஸ்ப் மெதுவானது, அதைத் தொடாதே." சி மொழி கற்பிக்கும் இடங்களில் பல ஆண்டுகளாக இதையே கேட்டுச் சலித்துவிட்டேன். ஒரு தந்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள் அதையே அறிவென்று விற்கிறார்கள்.

அவர்கள் சொல்வதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலாவது, "முகவரியை இன்ட் பாயிண்டராக காஸ்ட் செய்தால் பிட்டுகள் கிடைக்கும்." சி தரநிலைப்படி அது வரையறையற்ற நடத்தை. ஜிசிசி -ஓ2 அளவில் அந்த விதியை நம்பித்தான் குறியீட்டைச் செதுக்குகிறது. பிட்டுகள்தான் வேண்டுமென்றால் மெம்காப்பி இருக்கிறது. கம்பைலர் அதைப் பெரும்பாலும் ஒரே கட்டளையாக்கிவிடும்.

இரண்டாவது, வேகம். அளந்து பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

மூன்றாவது, "லாக்2 எடுத்து ஃப்ளோர் போட்டாலும் அதே விடைதான்." டபுளில் 7.999999999999999-ஐக் கொடுத்துப் பாருங்கள். எண் 8-ஐவிடச் சிறியது, அடுக்கு 2. ஆனால் அதன் மடக்கைக்கு மிக நெருக்கமான டபுள் 3.0 என்பதால் ஃப்ளோர் 3 என்கிறது.

நான்காவதுதான் பெரிய பொய்: "எல்லா எண்ணுக்கும் இது சரி." பூஜ்யத்துக்கு இந்தத் தந்திரம் −127 என்கிறது, பூஜ்யத்துக்கு ஏது அடுக்கு? முடிவிலிக்கும் எண்ணல்லாததற்கும் 128 என்கிறது. சப்நார்மல் எண்களில், அதாவது அடுக்குப் பிட்டுகள் எல்லாம் பூஜ்யமாக இருக்கும், பூஜ்யமல்லாத மிகச்சிறிய எண்களில், நிலைமை இன்னும் மோசம். 1இ-40 என்ற ஃப்ளோட்டை எடுத்துக்கொள்வோம். நினைவகத்தில் அது 0எக்ஸ்000116சி2. அடுக்குக்குரிய 8 பிட்டும் பூஜ்யம், ஆகவே தந்திரத்தின் விடை −127. உண்மையான அடுக்கு −133. ஃப்ளோட்டின் மிகச்சிறிய நேர் எண்ணான 2-இன் −149-ஆம் அடுக்குக்கும் அதே −127-தான் விடை. 22 படி பிழை, அதாவது நாற்பது லட்சம் மடங்குக்கும் மேல்! சப்நார்மல் எண்கள் யாரோ தெரியாமல் விட்டுவைத்த ஓட்டை அல்ல. வில்லியம் கஹன் கடும் எதிர்ப்புக்கிடையே வாதாடி, 1985-இன் ஐஇஇஇ 754 தரநிலைக்குள் அவற்றைக் கொண்டுவந்தார். இரண்டு எண்கள் வேறுபட்டால் அவற்றின் கழித்தல் பூஜ்யமாகாது என்ற உத்தரவாதம் அவற்றால்தான் நிற்கிறது. அந்த உழைப்பை ஒரு வரி ஷிஃப்ட்டால் தூக்கியெறிய யாருக்கும் உரிமையில்லை.

சி99 தந்த ஐலாக்பி என்ற நூலகச் செயல்கூறு இதையெல்லாம் கவனித்துக்கொள்கிறது. பூஜ்யத்துக்கும் முடிவிலிக்கும் எண்ணல்லாததற்கும் என்ன திரும்ப வேண்டும் என்பதைத் தரநிலையே எழுதிவைத்திருக்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: 8.0-க்கு ஐலாக்பி 3 தரும், ஃப்ரெக்ஸ்ப் 4 தரும். ஃப்ரெக்ஸ்ப் பின்னத்தை 0.5 முதல் 1-க்குள் வைப்பதால் வரும் வித்தியாசம் அது.

கற்பிப்பவர்களே, பிட் அமைப்பைத் தாராளமாக விளக்குங்கள், மாணவர்களுக்கு அது தெரிந்தே ஆகவேண்டும். ஆனால் நாளை ஓடப்போகும் நிரலில் அந்த ஒற்றை வரியை எழுதச் சொல்லாதீர்கள்.