தாழ்த்தினா ரேஸ் காரா?

சாந்த்ராகாச்சியில எங்க பக்கத்து வீட்டுப் பையன் ஸ்பிரிங்கை வெட்டி காரைத் தாழ்த்திட்டு வந்து, "ரேஸ் கார் மாதிரி இருக்கா அங்கிள்?"னான். இருக்கு, பார்வைக்கு மட்டும்.

நம்ம இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குல தாழ்த்துறாங்கன்னா, வளைவுல எடை வெளிப்பக்கமா ரொம்ப சாயக்கூடாதுன்னுதான். உயரம் மாறினா கேம்பர், டோ ரெண்டும் கூடவே மாறிடுங்க. அதனால முதல்ல உயரம், அப்புறம் அலைன்மென்ட். இவன் அலைன்மென்ட் பக்கமே போகலை! என்ட்ரியை மாத்திட்டு பழைய ட்ரையல் பேலன்ஸையே நீட்டுற கதை (பேங்க்காரன் புத்தி, மன்னிக்கணும்).

குனிஞ்சு பார்த்தேன். முன் டயர் உள்விளிம்புல கம்பி தெரியுது. இதோட மழையில கோனா எக்ஸ்பிரஸ்வே! ட்ராக்குலயாவது ஓரத்துல மண் இருக்கும், இங்கே லாரி இருக்கு.

ஒரிஜினல் ஸ்பிரிங்கும் புது டயரும் போட்டு, அலைன்மென்ட்டும் பார்க்கச் சொல்லியிருக்கேன். சிரிச்சுட்டுப் போறான்.