தைப் பனியும் லயத்துக் குழாயும்

ஆண்டுதோறும் தை மாதம் பிறந்ததும் எமது பத்திரிகைகளில் ஒரு படம் வெளிவரும். நுவரெலியாவின் புல்வெளியில் வெண்பனி உறைந்து கிடக்கும். கம்பளிக் குல்லாய் அணிந்த சுற்றுலாப் பயணிகள் அதைக் கையில் அள்ளிச் சிரிப்பார்கள். கீழே ‘குட்டி இங்கிலாந்து’ என்ற தேய்ந்துபோன சொற்றொடர் இருக்கும். கருகிய தேயிலைக் கொழுந்து பற்றியும் உருளைக்கிழங்குப் பயிர் பற்றியும் சில வேளை இரண்டு வரி சேரும். அந்தப் புல்வெளிக்கு அப்பால், விடியுமுன்னரே குடத்தோடு பொதுக் குழாயடிக்கு இறங்கும் லயத்துப் பெண்ணைப் பற்றி ஒரு வரியும் இராது.

பனி எமக்கு வேடிக்கையா, பருவமா? பருவம் என்றால் அதற்கு முன்னாயத்தம் வேண்டும் அல்லவா?

கனடாவில் வாழும் எம்மவர் பலருக்கு நான் சொல்லவருவது எளிதில் விளங்கும். கோடை விடுமுறையில் காரின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் சிறு பயண வண்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு சிறு நீர்ப்பம்பி, சுடுநீர்க் கலன், இரண்டு மூன்று குழாய்கள். குளிர் இறுகுமுன் உரிமையாளர் தொட்டியை வெறுமையாக்குவார். சுடுநீர்க் கலனை ஆறவிட்டு வடித்து, அதற்குள் திரவம் புகாதபடி மாற்றுவழியைத் திறப்பார். பின்னர் உறையாத் திரவத்தைப் பம்பியால் செலுத்தி, ஒவ்வொரு குழாயிலும் அதன் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும்வரை ஓடவிடுவார். காரில் ஊற்றும் நச்சுத் திரவத்தை அவர் தொடமாட்டார். குடிநீர்க் குழாய்களுக்கென்று விற்கப்படும் புரொப்பிலீன் கிளைக்கோலையே பயன்படுத்துவார். நீர் உறைந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும், குழாய் வெடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். குளிர்காலம் முழுவதும் ஓர் உயிரும் தங்காமல் முற்றத்தில் நிற்கப்போகும் வண்டிக்கே இத்தனை கவனிப்பு! ஆண்டு முழுவதும் மனிதர் வாழும் லயத்துக் குழாய்க்கு அப்படி ஒரு நாள் குறித்தவர் உண்டா?

நுவரெலியாவில் குழாய் வெடிப்பதில்லையே என்று துரைமார் வாதிடக்கூடும். உண்மைதான். 1,868 மீற்றர் உயரத்து நகரமானாலும் அங்கு விழுவது தரைப்பனி. வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவில் நிலம் தன் வெப்பத்தை இழக்கிறது. குளிர்ந்த காற்று பள்ளங்களில் தேங்குகிறது. புல்லும் கொழுந்தும் உறைகின்றன. வெயில் ஏறியதும் பனி கரைந்துவிடும். குழாயைப் பிளக்கும் அளவுக்கு அது நீடிப்பதில்லை.

ஆனால் பனியைத் தரும் அதே தெளிந்த வானம்தான் மழையற்ற வானமும். தை முதல் பங்குனி வரை அட்டன், மஸ்கெலியாப் பக்கங்களில் வரட்சி. லயத்துக்குத் தண்ணீர் வருவது பெரும்பாலும் மலை ஊற்றிலிருந்து சரிவு வழியே இறங்கும் குழாயில். ஊற்றுமுகத்தில் சருகு அடைத்தாலோ, ஒரு பொருத்துக் கசிந்தாலோ மழைக்காலத்தில் எவர் கண்ணிலும் படாது. ஊற்று நூலாக மெலியும் தை மாதத்தில் அதே கசிவு கடைசி லயத்தின் தண்ணீரை முழுவதுமாகப் பறித்துவிடும். பீலிக்கரையில் வரிசை நீளும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். லயக் காம்பராவுக்கு மச்சு ஏது? தகரக் கூரைதான். அதன்கீழ் கைக்குழந்தையை விட்டுவிட்டு, விறைக்கும் விரல்களால் குடம் நிரப்பி, பிரட்டுக்கு நேரத்தோடு ஓடவேண்டும். பனியில் கொழுந்து கருகிய மலையில் நிறை குறைந்தால், அன்றைய பேரும் அரைப்பேராகிவிடும்.

இத்தனையும் நடப்பது நாட்டின் நீர்த்தொட்டி என்று சொல்லத்தக்க மண்ணில். காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் தேயிலை மலைகளுக்கு நடுவே கிடக்கின்றன. கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்தே களனி கங்கையாகின்றன. அந்தக் கங்கையின் நீரைத்தான் அம்பத்தளையில் சுத்திகரித்துக் கொழும்பு குடிக்கிறது. தலவாக்கலையில் 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் இயங்கத் தொடங்கியது. மலையைக் குடைந்து பல மைல் சுரங்கம் அமைக்கத் தெரிந்த நாட்டுக்கு, ஊற்றிலிருந்து லயம்வரை ஒரு குழாயை ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து வைப்பது பெரிய வித்தையா?

வித்தை தெரியாமல் இல்லை. பொறுப்பைத் தட்டிக்கழிப்பதுதான் இங்கு பெரிய வித்தையாக இருக்கிறது. நிலம் அரசினுடையது. நிருவாகம் 1992இல் கம்பனிகளிடம் போயிற்று. குடியிருப்பு, சுகாதார வேலைகளைக் கவனிக்கப் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் அதே ஆண்டில் எழுந்தது. பிரதேச சபையைக் கேட்டால், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் எமது பணம் வரமுடியாது என்றார்கள். தோட்ட மக்களின் வாக்கு மட்டும் தடையின்றிச் சபைக்குள் வந்தது! அந்தப் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று சபைகளும் பெருகின. 2025 மே மாதம் தேர்தலும் நடந்து உறுப்பினர்கள் அமர்ந்திருக்கிறார்கள். இனி எந்தச் சட்டப்பிரிவைக் காட்டப்போகிறார்கள்?

இன்னொரு சமாதானமும் உண்டு: ‘லயமே போகப்போகிறது, தனிவீடு வரப்போகிறது, பழைய குழாய்க்கு ஏன் செலவு?’ நோர்வூட்டில் 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். வீடுகள் வரட்டும், வேண்டாம் என்பார் எவருமில்லை. ஆனால் வரப்போகும் வீட்டைக் காரணம் காட்டி இருக்கும் குழாயை உக்கவிடுவது, நாளைய விருந்தைச் சொல்லி இன்றைய கஞ்சியை நிறுத்துவதாகும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும் மண்சரிவுகளும் மலையகத்தைப் புரட்டிப்போட்ட பின்னர் புதுக் குடியிருப்புப் பேச்சு இன்னும் ஓங்கியிருக்கிறது. பேச்சு ஓங்கும் வேளையிலும் ஊற்றுமுகத்தை மூடிய சேறு தானாக அகலாது.

கேட்பது அதிகமன்று. ஆண்டுதோறும் மார்கழி பிறக்குமுன் ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் ஊற்றுமுகம் துப்புரவாக்கப்படவேண்டும், தொட்டி கழுவப்படவேண்டும், வெளியே கிடக்கும் குழாய் புதைக்கப்படவேண்டும், கசியும் பொருத்துகள் மாற்றப்படவேண்டும், கடைசி லயத்தின் கடைசிக் குழாயைத் திறந்து, நீர் வருகிறதா என்று பார்க்கவேண்டும். யார் பார்த்தார், எந்நாள் பார்த்தார் என்பதைப் பிரட்டுக்களத்தில் எழுதி ஒட்டவேண்டும். செலவைச் சபையும் கம்பனியும் எப்படிப் பங்கிடுவது என்பதை அவர்கள் மேசையில் அமர்ந்து தீர்த்துக்கொள்ளட்டும். அந்தக் கணக்கு முடியும்வரை குடத்தோடு காத்திருக்கும் கடமை லயத்துப் பெண்ணுக்கு இல்லை.

தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சில் இந்த ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ளட்டும். சபை உறுப்பினர்கள் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்கென ஒரு தொகையை ஒதுக்கட்டும். ஒதுக்காதவர்களின் பெயரை அடுத்த தேர்தல்வரை மறவாமல் வைத்திருப்பது மக்களின் பொறுப்பு.