மணிக்கும் காரில் ஓர் இடம்

"காரும் இருக்கு, நாயும் இருக்கு. ஆனா நாயைக் காரில் ஏத்தத்தான் பயமா இருக்கு" என்று அலுத்துக் கொள்ளும் சிநேகிதிகள் எனக்கு நாலைந்து பேராவது உண்டு. வாந்தி எடுக்கும், சீட்டைப் பிறாண்டும், ரோமம் கொட்டும், வழியெல்லாம் குரைக்கும் என்று குறை சொல்லி மாளாது அவர்களுக்கு. அதனால் ஊருக்குக் கிளம்பும்போது நாயைக் கொல்லையில் கட்டி, பக்கத்து வீட்டில் சாதம் வைக்கச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் சரி. மாதக்கணக்கில் என்றால்?

எங்கள் வீட்டில் அப்படி ஒரு நிலைமை வந்தது. திருநெல்வேலியில் இருக்கும் என் மாமியார் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆயிற்று. இரண்டு மாதமாவது நான் கூட இருந்து கவனித்தாக வேண்டும். திருச்சியில் என் கணவரும் பையனும் காலையில் போனால் ராத்திரிதான் வீடு திரும்புவார்கள். எங்கள் மணியோ நான் சாதம் வைத்தால்தான் வாய் வைப்பான். தெருவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட நாட்டு நாய்தான்; வயசு ஒன்பது. "ஒரு நாய்க்காக இவ்வளவு யோசிக்கணுமா?" என்று கேட்டவர்கள் உண்டு. நான் யோசிக்கத்தான் செய்தேன். ஆபரேஷன் ஆன மாமியாரையும் விட முடியாது, நம்மையே நம்பியிருக்கும் வாயில்லா ஜீவனையும் விட முடியாது. மணியும் காரில் வருவதென்று முடிவாயிற்று.

திருச்சியிலிருந்து விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் வழியாக மதுரை. அப்புறம் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி தாண்டித் திருநெல்வேலி. கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தபோது காரில் ஒரு சொட்டு வாந்தி இல்லை, ஒரு பிறாண்டல் இல்லை. மணி சமர்த்து என்பதால் அல்ல. மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்த பத்து நாளும் என் நாத்தனார் பார்த்துக் கொண்டதால், தயார் செய்ய எனக்கு அவகாசம் கிடைத்தது. அந்தத் தயாரிப்பைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்று யோசித்துப் பாருங்கள். நம் வீட்டு நாய் எப்போது காரில் ஏறுகிறது? ஊசி போட டாக்டரிடம் போகும்போதுதான். கார் என்றாலே ஊசி என்று அதன் மனசில் பதிந்துவிட்டால் பயப்படாமல் என்ன செய்யும்? ஆகவே முதல் இரண்டு நாள் நிற்கிற காரில், கதவைத் திறந்து வைத்து, மணியைப் பின் சீட்டில் உட்கார வைத்து ஒரு பிஸ்கட் கொடுத்தேன். மூன்றாம் நாள் என்ஜினை மட்டும் ஓடவிட்டார் என் கணவர். அப்புறம் தெருவை ஒரு சுற்று. பிறகு காவிரிக் கரை வரை போய், இறங்கி நடந்து, திரும்பி வந்தோம். பத்தாம் நாள் கார் சாவிச் சத்தம் கேட்டாலே வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றான்!

வாந்தி விஷயத்துக்கு வருகிறேன். நமக்கு பஸ்ஸில் தலை சுற்றுகிறதே, அதே காரணம்தான். காதுக்குள் உடம்பின் நிதானத்தைக் காக்கும் உறுப்பு ஒன்று இருக்கிறது. அது சொல்வதும் கண் பார்ப்பதும் ஒத்துப் போகாவிட்டால் வயிற்றைப் புரட்டும். குட்டி நாய்களுக்கு அந்த உறுப்பு முழுசாக முதிர்ந்திருக்காது. அதனால்தான் குட்டிகள் அதிகம் வாந்தி எடுக்கின்றன. வளர்ந்த பிறகு பலவற்றுக்குச் சரியாகிவிடும். எச்சில் ஒழுகுவது, அடிக்கடி கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, இதெல்லாம் வாந்திக்கு முன்னறிவிப்பு. உடனே வண்டியை ஓரம் கட்டி, ஐந்து நிமிஷம் நடக்க விடுங்கள்.

கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். நாங்கள் விடியற்காலை நாலரைக்குக் கிளம்பியதால் முதல் நாள் ராத்திரி தயிர் சாதம் கொஞ்சமாக வைத்ததோடு சரி. தண்ணீரை மட்டும் நிறுத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். அப்படியும் வாந்தி எடுக்கும் நாய் என்றால், அதற்கென்றே நல்ல மாத்திரைகள் இப்போது இருக்கின்றன. கால்நடை டாக்டரிடம் காட்டி, எடைக்குத் தகுந்த அளவைக் கேட்டு வாங்குங்கள். நாம் போட்டுக்கொள்ளும் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கிற கைவைத்தியம் வேண்டவே வேண்டாம்.

எங்கே உட்கார வைப்பது? பின் சீட்டில்தான். முன் சீட்டில் மடியில் வைத்துக் கொள்வது பார்க்க அழகாக இருக்கலாம். ஆனால் சடன் பிரேக் போட்டால் நாய் கண்ணாடியில் போய் மோதும். ஏர்பேக் உள்ள கார் என்றால், அது வெடித்து விரியும் வேகத்தில் நாயின் உயிருக்கே ஆபத்து. கழுத்துப் பட்டையில் கயிறு மாட்டிச் சீட்டில் கட்டுவதும் கூடாது. குலுங்கும்போது கழுத்தை நெரிக்கும். மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை கடையில் கிடைக்கிறது. ஹார்னஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதையும் சீட் பெல்ட் கொக்கியையும் இணைக்க ஒரு குட்டை வாரும் விற்கிறார்கள். எழுந்து நிற்கவும் படுக்கவும் முடிகிற நீளம் இருந்தால் போதும்.

சீட்டில் ஒரு பழைய ஜமுக்காளம் விரித்து, அதன்மேல் மணி தினமும் படுக்கும் போர்வையைப் போட்டேன். அந்தப் போர்வையைத் துவைக்காமலே கொண்டு போக வேண்டும். அதில் இருக்கும் வீட்டு வாசனைதான் அதற்குத் தைரியம். ஜன்னலை இரண்டு விரல் திறந்தால் போதும். தலையை வெளியே நீட்ட விட்டால் தூசியும் பூச்சியும் கண்ணில் அடிக்கும். பக்கத்தில் லாரி உரசிக்கொண்டு போனால் கேட்கவே வேண்டாம். தெற்கே போகும் பிரயாணத்தில் காலை வெயில் இடது பக்கம் அடிக்கும் அல்லவா? அந்த ஜன்னலில் ஒரு துண்டைச் செருகிவிட்டேன். ஏ.ஸி. போட்டிருந்தாலும் பின்னால் காற்று வருகிறதா என்று நாய் படுத்திருக்கும் இடத்தில் கையை வைத்துப் பாருங்கள்.

மணிக்கென்று ஒரு தனிப் பை. அதில் வீட்டுத் தண்ணீர் மூன்று லிட்டர், அகலமான கிண்ணம், ஒரு வேளைச் சாப்பாடு, இரண்டு பழைய துண்டு, அள்ளிப் போடப் பழைய பேப்பரும் கவரும், வெறிநாய் ஊசி போட்ட தேதி உள்ள அட்டை. கழுத்துப் பட்டையில் நம் ஃபோன் நம்பர் கட்டாயம் இருக்கட்டும். வழியில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள்; எலிக்காய்ச்சல் நாயையும் தாக்கும். குழந்தைகள் பாசத்தில் ஊட்டினாலும் சாக்லேட், திராட்சை, வெங்காயம் போட்ட பண்டம் எதுவும் நாய்க்கு ஆகாது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தினோம். இங்கே ஒரு முக்கியமான பழக்கம்: கயிறு கைக்கு வந்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். புது இடம், லாரிச் சத்தம், தெரு நாய்கள் என்று மிரண்டு ஒரே பாய்ச்சலில் நாற்கரச் சாலைக்கு ஓடிவிட்டால் யாரால் பிடிக்க முடியும்? எப்போதும் சாலையோரமாக, இடது பக்கக் கதவு வழியாகத்தான் இறக்க வேண்டும்.

இனி சொல்லப் போவதை மட்டும் மறக்காமல் மனசில் வையுங்கள். மதுரை தாண்டி ஒரு ஓட்டலில் டிபன் சாப்பிட நிறுத்தினோம். என் கணவரும் பையனும் முதலில் உள்ளே போனார்கள். நான் மணியுடன் வேப்ப மரத்தடியில் நின்றிருந்தேன். பக்கத்தில் கதவு சாத்திய கார் ஒன்று. உள்ளே மூக்குச் சப்பையான பக் ஜாதி நாய். நாக்கு முழுவதும் வெளியே தொங்க, வாயெல்லாம் நுரை. ஜன்னலைத் தட்டினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓட்டல் பையனை உள்ளே அனுப்பி, கார் நம்பரைச் சொல்லிக் கத்தச் சொன்னேன். பதறிக்கொண்டு ஓடி வந்தாள் ஒரு சின்னப் பெண். "பத்து நிமிஷம்தான் ஆன்ட்டி ஆச்சு, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கித்தான் வச்சிருந்தோம்" என்று அழுதாள்.

அவளைக் குறை சொல்வதற்கில்லை. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வெளியே 35 டிகிரி என்றால், வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் பத்தே நிமிஷத்தில் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். அரை மணியில் 50-ஐத் தாண்டும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய பலன் இல்லை. நமக்கு உடம்பெல்லாம் வியர்த்துச் சூடு தணிகிறது. நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் வியர்வை; மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே சூட்டை இறக்கியாக வேண்டும். சுற்றிலும் காற்றே கொதித்தால் எப்படி இறங்கும்? அதன் சாதாரண உடல் சூடு 38, 39 டிகிரி. 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. சப்பை மூக்கு ஜாதிகளுக்கு மூச்சு விடுவதே சிரமம். அவை இன்னும் சீக்கிரம் விழுந்துவிடும்.

அந்த நாயை நிழலில் கிடத்தி, குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, அட்டையால் விசிறினோம். ஈரத் துண்டால் போர்த்தி மூடக் கூடாது. சூடு உள்ளேயே தங்கிவிடும். மயக்கத்தில் இருக்கும்போது வாயில் தண்ணீர் புகட்டவும் கூடாது. கால் மணி கழித்துத் தலையைத் தூக்கிப் பார்த்தது. "சரியாயிடுச்சு ஆன்ட்டி" என்று சிரித்தாள் அந்தப் பெண். "இல்லம்மா, உள்ளே என்ன கெடுதி ஆயிருக்கோ தெரியாது. நேரா டாக்டர்கிட்ட போ" என்று அனுப்பி வைத்தேன். அப்புறம் முறை போட்டுச் சாப்பிட்டோம். யாராவது ஒருத்தர் எப்போதும் மணியோடு நிழலில்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் உடனே வீட்டுக்குள் விடாமல், கயிற்றோடு தெருவில் கால் மணி நடத்தி, ஒரு மூலையில் அவன் போர்வையை விரித்து, தண்ணீர் வைத்தேன். கட்டிலில் இருந்தபடியே பார்த்துக் கொண்டிருந்த மாமியார், முதலில் "இது எதுக்கும்மா இங்கே?" என்றார். மூன்றாம் நாள், "அது சாப்பிட்டிச்சா?" என்று என்னைக் கேட்டார். வாக்கர் பிடித்து நடக்கப் பழகிய நாட்களில் முற்றத்தில் மணியும் கூடவே மெதுவாக நடந்தான்.

சகோதரிகளே, கைக்குழந்தையோடு கிளம்பினால் என்னென்ன யோசிப்போமோ, அதையே நாய்க்கும் யோசித்தால் போதும். கார் நிற்கிற இடத்தில் அதுவும் நம்மோடு இறங்க வேண்டும். இறக்க வழியில்லாத கடை, கோயில், கல்யாண மண்டபம் என்றால் ஒருத்தர் வெளியே துணைக்கு இருக்கட்டும். அதற்கும் ஆள் இல்லையா? அன்றைக்கு மட்டும் அது வீட்டிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். அதுதான் அதற்குச் சௌகரியம்.