டார்கெட்டை யார் எழுதுகிறார்கள்?

திண்டிவனம் சிப்காட்டில் ஆலை அமைக்க டாபர் கம்பெனி ஒப்பந்தம் போட்ட செய்தி 2024 ஆகஸ்டில் வந்தது. அன்றிலிருந்து மயிலம், கூட்டேரிப்பட்டு பக்கம் யாரைப் பார்த்தாலும் இரண்டு கேள்விதான். எத்தனை கோடி? எத்தனை பேருக்கு வேலை? இரண்டுக்கும் பேப்பரிலேயே பதில் இருந்தது. 400 கோடி ரூபாய், 250 பேர். உள்ளே போகிற பிள்ளை ஒரு மணி நேரத்தில் எவ்வளவு செய்ய வேண்டும் என்பதை யார் முடிவு செய்வார்கள், அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்பார்களா என்ற மூன்றாவது கேள்வியை மட்டும் யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

டாபரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எந்தக் கம்பெனி வந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்கும் தகுதி எனக்குக் கொஞ்சம் உண்டு என்று நினைக்கிறேன். சென்னையில் ஒரு கனரகத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். அதில் பாதிக் காலம் என் கையில் ஸ்டாப் வாட்ச் இருந்தது. ஒரு ஆள் ஒரு வேலையைச் செய்ய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பக்கத்தில் நின்று குறித்து, அதை வைத்து ஒரு ஷிப்டுக்கு இத்தனை என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும் பிரிவு எங்களுடையது. தொழிலாளிகள் எங்களுக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

இந்த ஸ்டாப் வாட்ச் வித்தையை உலகத்துக்குக் கொடுத்தவர் அமெரிக்காவின் டெய்லர். அவருடைய புத்தகம் 1911இல் வந்தது. அந்தக் கணக்கில் இருக்கும் ஓட்டையைப் பிறகு அமெரிக்காவிலேயே கண்டுபிடித்தார்கள். சிகாகோ அருகில் டெலிபோன் கருவிகள் செய்த ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை ஆராய்ச்சி நடந்தது. கடைசிக் கட்டத்தில் வயர் இணைக்கும் பதினான்கு ஆண்களைத் தனி அறையில் வைத்துக் கவனித்தார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களே தங்களுக்குள் ஒரு அளவு வைத்திருந்தார்கள். அதற்கு மேல் வேகமாகச் செய்பவனுக்குத் தோளில் ஒரு குத்து விழும். காரணம் எளிது. இன்று அதிகம் செய்து காட்டினால் நாளை அதுவே டார்கெட் ஆகிவிடும் என்ற பயம். இதைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். நான் வாட்சோடு போய் நின்றால் எங்கள் ஷாப்பில் எல்லாருடைய கையும் நிதானமாகிவிடும். சோம்பேறித்தனம் என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். அது சோம்பேறித்தனம் இல்லை, கணக்கு.

எங்கள் ஷாப்பில் பெரிய சம்மட்டி மெஷினில் ஒரு பெரியவர் இருந்தார். எல்லாரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் என்னிடம், "தம்பி, என் கையவே பாத்துக்கிட்டு இருக்கியே, இரும்பு எப்ப வந்து சேருதுன்னும் எழுதிக்க" என்றார். காய்ச்சிய இரும்புத் துண்டு கிரேனில் வந்து சேருவதற்காக அந்த மெஷின் காத்திருந்த நேரத்தையும் நான் தனியாகக் குறித்துத்தான் வைத்திருந்தேன். இரண்டையும் சேர்த்து ரிப்போர்ட் கொடுத்தேன். மேலிடத்தில் கை வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நான்கு வருடம் கழித்து வெளியிலிருந்து ஆலோசகர்கள் வந்தார்கள். மூன்று மாதம் தங்கி, வழவழப்பான தாளில் ஒரு அறிக்கை கொடுத்தார்கள். அதில் முதல் பரிந்துரை கிரேன். மேஸ்திரி அதற்குள் ரிட்டயர் ஆகிவிட்டார்.

சரி, என் கதை போகட்டும். நம் நாட்டில் நடந்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். நிர்வாகப் படிப்பில் உலகம் முழுக்கப் பேசப்படுகிறது, நம் ஊரில்தான் அதிகம் பேருக்குத் தெரியாது. அகமதாபாத்தில் காலிகோ மில். கௌதம் சாராபாய் நடத்தியது. 1950களின் தொடக்கத்தில் அங்கே ஆட்டோமேட்டிக் தறிகளை இறக்கினார்கள். மெஷின் புதுசு, செலவு பெரிசு, ஆனால் துணி கூடவில்லை, தரமும் உயரவில்லை. லண்டனின் டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து ரைஸ் என்ற ஆராய்ச்சியாளர் வந்து பார்த்தார். இருநூறு தறிக்கு மேல் இருந்த ஒரு கூடத்தில் ஆட்கள் முப்பதைத் தாண்டவில்லை. ஆனால் வேலையைப் பத்துப் பன்னிரண்டு வகையாகத் துண்டுபோட்டு வைத்திருந்தார்கள். நூல் அறுந்தால் ஒருவர், தார் மாற்ற ஒருவர், எண்ணெய் போட ஒருவர், கூட்ட ஒருவர். எல்லாரும் எல்லாத் தறிக்கும் பொது. ஒரு தறி நின்றால் அது யாருடைய தறி? யாருடையதும் இல்லை.

ரைஸ் சொன்ன யோசனை சின்னது. சில தறிகளுக்கு ஒரு குழு, அந்தத் தறிகளின் எல்லா வேலைக்கும் அந்தக் குழுவே பொறுப்பு. 1953இல் இதை நிர்வாகத்தோடு பேசிக்கொண்டிருக்கும்போதே செய்தி தொழிலாளர்களிடம் போய்விட்டது. யார் யாரோடு சேருவது என்று அவர்களே பேசி, குழுக்களை அமைத்துப் பெயர்ப் பட்டியலோடு வந்து நின்றார்கள். ஆராய்ச்சியாளரே எதிர்பார்க்காத வேகம் அது. சில மாதங்களில் உற்பத்தி கூடியது, சேதமான துணி குறைந்தது. மெஷினும் ஆட்களும் பழையவைதான். ஏறக்குறைய பதினேழு வருடம் கழித்து மில்லர் என்ற இன்னொரு ஆராய்ச்சியாளர் போய்ப் பார்த்தபோது ஒரு கூடத்தில் அந்தக் குழு முறை அப்படியே இருந்தது. மற்ற இடங்களில் தேய்ந்து, பழையபடி மேலிருந்து சொல்லும் முறைக்குத் திரும்பியிருந்தது.

இதே காலத்தில் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களிலும் இதே கதை. 1951இல் ட்ரிஸ்ட், பாம்ஃபோர்த் என்ற இருவர் எழுதினார்கள். இதில் பாம்ஃபோர்த் முன்பு சுரங்கத் தொழிலாளியாகவே இருந்தவர். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வெட்டி, அள்ளி, முட்டுக் கொடுத்து முழு வேலையையும் செய்த இடத்தில் மெஷின் வந்ததும் ஒரு ஷிப்ட் வெட்ட, இன்னொரு ஷிப்ட் அள்ள என்று பிரித்தார்கள். முந்தின ஷிப்டைத் திட்டுவதே பிந்தின ஷிப்டுக்கு வேலையாகிவிட்டது. வேலைக்கு வராமல் நிற்பதும் பெருகியது. நிலக்கரியும் துணியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தொழில்கள். பதில் மட்டும் ஒன்று.

தமிழ்நாட்டுக்கு வந்தால் பாடியைச் சொல்லாமல் முடியாது. அங்கே அப்போது லாரிகளுக்குப் பிரேக் செய்துவந்த சுந்தரம் கிளேட்டன் 1998இல் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவில் முதல் கம்பெனி. 2002இல் ஓசூரின் டி.வி.எஸ். மோட்டாரும் வாங்கியது. பரிசுக்குப் பெயர் கொடுத்த டெமிங் அமெரிக்கப் புள்ளியியல்காரர். 1950இல் ஜப்பானுக்குப் போய்த் தரக் கட்டுப்பாடு சொல்லிக் கொடுத்தவர். ஆச்சரியம் என்னவென்றால், சுவரில் கோஷம் எழுதி ஒட்டாதே, ஆளுக்கு இத்தனை என்று எண்ணிக்கை டார்கெட் வைக்காதே என்று சொன்னவரும் அவர்தான். பெரும்பாலான குறை ஏற்பாட்டில் இருக்கிறது, ஆளிடம் இல்லை என்பது அவர் கட்சி. இன்று டெமிங் படத்தையும் டார்கெட் போர்டையும் ஒரே சுவரில் மாட்டி வைக்கும் தொழிற்சாலைகள் உண்டு. பார்த்திருக்கிறேன்.

பம்பாய் பக்கத்துத் துணி ஆலைகளில் ஸ்டான்போர்டின் நிக்கோலஸ் ப்ளூம் குழு செய்த சோதனை 2013இல் வெளிவந்தது. சில ஆலைகளுக்கு மட்டும் ஐந்து மாதம் ஆலோசகர்களை இலவசமாகக் கொடுத்தார்கள். ஸ்டோரை ஒழுங்குபடுத்து, மெஷின் பழுதை எழுதி வை, குறைபாட்டைத் தினமும் கணக்கெடு என்று சாதாரண விஷயங்கள்தான். முதல் வருடத்திலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் ஏறியது. அதில் எனக்குப் பிடித்த கண்டுபிடிப்பு வேறு. ஒரு முதலாளியின் தொழில் எவ்வளவு பெரிதாக வளரும் என்பதை, குடும்பத்தில் எத்தனை ஆண் பிள்ளைகள் என்பதே பெரும்பாலும் தீர்மானித்ததாம். வெளியாளை நம்பிப் பொறுப்புக் கொடுக்க மனம் வரவில்லை. திண்டிவனத்தில் எந்தப் பெரிய கடைக்கும் போங்கள், கல்லாவில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். இதற்கு ஸ்டான்போர்டு வேண்டாம். சில வருடம் கழித்து அதே ஆலைகளுக்குத் திரும்பப் போனபோது, கற்றுக்கொடுத்ததில் ஏறக்குறைய பாதியைக் கைவிட்டிருந்தார்கள்.

ஆக, எழுபது வருடமாக ஆராய்ச்சிகள் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. பிறகு ஏன் நடப்பதில்லை?

என் கருத்து இது. கனரகத் தொழிலில் ஒரு மேஸ்திரி நின்றுவிட்டால் மெஷின் நிற்கும், லட்சக்கணக்கில் நஷ்டம். அதனால் பிடிக்காவிட்டாலும் அவர் பேச்சை ஒரு நாள் கேட்டுத்தான் ஆக வேண்டும். சோப்பு, பிஸ்கட், துணி, பேஸ்ட் என்று நுகர்பொருள் செய்யும் லைனில் வேலையை இரண்டு நாளில் கற்றுக்கொள்ளும் அளவுக்கு நறுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு பெண் நின்றுவிட்டால் கான்ட்ராக்டர் மறுநாள் காலை பஸ்ஸில் இன்னொரு பெண்ணை அனுப்புவார். போகிற ஆளால் நஷ்டம் இல்லை என்றால் இருக்கிற ஆளிடம் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

இதைச் சும்மா சொல்லவில்லை. பெங்களூரில் பெண்கள் அதிகம் வேலை செய்யும் தையல் தொழிற்சாலைகளில் பல வருடமாக ஆராய்ச்சி நடக்கிறது. ஒரு சோதனையில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த பெண்களுக்குப் பேச்சு, நேர மேலாண்மை, பிரச்சினை தீர்ப்பது போன்றவற்றில் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித்திறன் ஏறக்குறைய 13 சதவீதம் உயர்ந்தது. கம்பெனிக்குப் போட்ட பணம் எட்டே மாதத்தில் பல மடங்காகத் திரும்பியது. அந்தப் பெண்களின் சம்பளம் உயர்ந்தது சுமார் அரை சதவீதம். ஆராய்ச்சியாளர்கள் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள், அது அவர்கள் பெருமை. ஆனால் அந்த ஆராய்ச்சியை மேற்கோள் காட்டுகிறவர்கள் பதின்மூன்றைச் சொல்வார்கள், அரையைச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு சோதனை. சம்பள உயர்வு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்த சமயம். சில தொழிலாளர்களிடம் மட்டும் பெயர் போடாத கேள்வித்தாள் கொடுத்து, வேலை எப்படி, சூப்பர்வைசர் எப்படி, திருப்தியா என்று கேட்டார்கள். அவ்வளவுதான், சம்பளம் ஒரு பைசா கூடவில்லை. ஆனாலும் கேட்கப்பட்டவர்களில் வேலையை விட்டுப் போனவர்கள் குறைவு. விடுப்பும் குறைந்தது. இதைப் படித்துவிட்டு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் சங்கடம். கேட்பதற்கு இவ்வளவு சக்தி இருக்கிறது. அதே சமயம், கேட்டுவிட்டு ஒன்றும் கொடுக்காமலே ஆட்களைத் தக்கவைக்கலாம் என்று புரிந்துகொள்ளும் மேனேஜர்களும் இருப்பார்கள்.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஒரகடம் பக்கம் பேக்கிங் லைனில் இருக்கிறாள். கூட்டேரிப்பட்டில் விடியற்காலை கம்பெனி பஸ் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடும். பங்குனி உத்திரத்துக்கு லீவு போட்டு வந்திருந்தபோது பேசினேன். லைனுக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு, டார்கெட் இவ்வளவு, முடித்தது இவ்வளவு என்று ஓடிக்கொண்டே இருக்குமாம். "அந்த டார்கெட்ட யாரும்மா போடுறாங்க?" என்று கேட்டேன். "தெரியாது தாத்தா. நாங்க உள்ள போறப்பவே எரிஞ்சிக்கிட்டு இருக்கும்" என்றாள். பாட்டில் மூடி அடிக்கடி கோணலாக வருவதால் பாதி நேரம் அதைச் சரி செய்வதிலேயே போகிறது என்றாள். சொன்னாயா என்றேன். யாரிடம் சொல்வது என்று திருப்பிக் கேட்டாள். எனக்கு மேஸ்திரியின் கிரேன் நினைவுக்கு வந்தது.

ஆகவே சிப்காட்டுக்கு ஆள் எடுக்க வரும்போது, நம் பஞ்சாயத்துத் தலைவர்களும், கல்லூரிகளில் வேலைவாய்ப்புப் பார்க்கும் ஆசிரியர்களும், பிள்ளையை அனுப்பும் பெற்றோரும் இன்னும் சிலவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். நேரடி வேலையா, கான்ட்ராக்டா? லைனில் ஒரு கோளாறு என்றால் பிள்ளை யாரிடம் சொல்ல வேண்டும், சொன்னதை எங்கே எழுதி வைப்பார்கள்? டார்கெட்டை உயர்த்தினால் சம்பளத்தில் எவ்வளவு சேரும்? சேர்ந்தவர்களில் ஒரு வருடத்துக்குள் விட்டுப்போகிறவர்கள் எத்தனை பேர்? கடைசிக் கேள்விக்கு எந்தக் கம்பெனியும் பதில் இல்லை என்று சொல்ல முடியாது. அந்தக் கணக்கு பெர்சனல் டிபார்ட்மென்டில் மாதா மாதம் எடுக்கப்படுகிறது. நானே பல வருடம் அந்தத் தாளைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளை வெளியாளுக்குக் காட்ட மாட்டார்கள், ஆனால் அதைக் கேட்கிற ஊர் என்று தெரிந்தால் கொஞ்சம் கவனமாக இருப்பார்கள்.