சத்தம் மேடு ஏறாது

ஹட்டனிலிருந்து மஸ்கெலியாப் பக்கம் போனாலும் சரி, தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனைக்கு ஏறினாலும் சரி, வழியில் எந்தக் கராஜில் கேட்டாலும் ஒரே வைத்தியம்தான். டூ ஸ்ட்ரோக் ட்ரெயில் சைக்கிள் மேட்டில் இழுக்கவில்லையா? சைலன்சரை அறு. வாலுக்குள் இருக்கும் குழாயைப் பிடுங்கி எறி. எயார் ஃபில்டரையும் கழற்றிவிடு. "நல்லா மூச்சு விட்டாத்தானே தம்பி எஞ்சின் ஓடும்" என்று விளக்கமும் கூடவே வரும். தம்பியும் தலையாட்டிவிட்டு, சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவந்து விடுகிறேன் பாஸ் என்று கிளம்புவார். அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பள்ளத்தாக்கில் எந்த லயத்திலும் கைக்குழந்தை தூங்காது.

தூக்கம் போகிறது என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. சத்தம் கூடினால் பவர் கூடும் என்ற இந்த நம்பிக்கை முழுப் பொய். நம் மலைநாட்டில் அது இரட்டைப் பொய். ஏனென்றால் இங்கே எஞ்சினின் பலத்தைத் திருடுவது சைலன்சர் அல்ல, மலையேதான்.

கணக்கைப் பாருங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். குளிர் காற்று கொஞ்சம் அடர்த்தியானது என்பதால் அதில் சிறிது ஈடாகிறது. ஆனாலும் ஒவ்வொரு முறை பிஸ்டன் இழுக்கும்போதும் உள்ளே போகும் காற்றின் எடை ஏறக்குறைய 17 சதவீதம் குறைவு. ஹட்டன் 1,271 மீற்றர். அங்கே பத்தில் ஒரு பங்கு போய்விடும். 1970களில் வந்த சுஸுகி டிஎஸ் 125, யமஹா டிடி 125 போன்றவை புதிதாக இருந்தபோதே சுமார் 13 குதிரைத்திறன்தான் கொடுத்தன. சின்னத்துரைமாரும் வெளிக்கள உத்தியோகத்தர்களும் ஓட்டித் தேய்த்து, நாலு கை மாறி இன்று நம்மிடம் வந்திருக்கும் வண்டியில் அதுவும் இல்லை. அதில் இன்னும் இரண்டைக் கழித்துக்கொள்ளுங்கள். எந்தச் சைலன்சரை எந்த இடத்தில் அறுத்தாலும் வானத்திலிருந்து அந்தக் காற்று இறங்கி வரப்போவதில்லை.

காற்றுக் குறைவதோடு கதை முடியவில்லை. காபரேட்டருக்கு மலையேறிவிட்டது தெரியாது. கொழும்பில் எவ்வளவு பெற்றோலைக் கொடுத்ததோ, கிட்டத்தட்ட அதே அளவை இங்கேயும் கொடுத்துக்கொண்டே இருக்கும். கலவை தடித்துப் போகிறது. பிளக்கைக் கழற்றினால் முனை ஈரமாக, கன்னங்கரேலென்று இருக்கும். கைப்பிடியை முழுக்கத் திருகினால் எஞ்சின் சீறுவதற்குப் பதிலாக ஒரு வெடிப்பு விட்டு ஒரு வெடிப்பாகத் திக்கித் திக்கி ஓடும். இதற்கு மருந்து காபரேட்டரின் அடிக் கிண்ணத்துக்குள் இருக்கும் பித்தளை மெயின் ஜெட். சுண்டுவிரல் நகமளவு சாமான். ஓரிரு இலக்கம் சிறியதாக மாற்றிப் போட்டால், மலை தின்னாமல் மிச்சம் வைத்த பலமாவது சக்கரத்துக்கு வந்து சேரும். எத்தனை கராஜில் இதைச் செய்கிறார்கள்? ஹக்சோ பிளேடு எடுக்கும் கைக்கு ஸ்க்ரூ டிரைவர் எடுக்கச் சோம்பல்.

இனி அந்தப் புகைக்குழாய்க்கு வருவோம். எஞ்சினிலிருந்து ஒல்லியாகக் கிளம்பி, நடுவில் பருத்து, மறுபடி ஒடுங்கி வாலாக முடிகிறதே, அந்தப் பருத்த வயிற்றைச் சத்தத்தை அடக்க வைத்த டின் என்றே பலரும் நினைக்கிறார்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் சிலிண்டருக்கு மேலே வால்வு கிடையாது. எரிந்த புகை வெளியேறும் துவாரம் திறந்திருக்கும்போதே புதுக் கலவையும் உள்ளே வருகிறது. வந்த வேகத்தில் புகையோடு சேர்ந்து வெளியேயும் ஓடிவிடப் பார்க்கிறது. ஓடவிடாமல் தடுப்பது அந்த வயிறு. துவாரம் திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் பாய்கிறது. குழாய் விரியும் இடத்தில் அது பட்டு, உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து சிலிண்டரைத் துடைத்து எடுக்கிறது. குழாய் ஒடுங்கும் இடத்தில் பட்டுத் திரும்பும் அலையோ, தப்பியோடிய புதுக் கலவையைத் துவாரம் மூடுவதற்குள் மறுபடி உள்ளே தள்ளிவிடுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுற்றும்போது அந்தத் துவாரம் ஒரு தடவைக்குச் சுமார் 5 மில்லி செக்கன்தான் திறந்திருக்கும். சூடான புகைக்குள் அலையின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 500 மீற்றர். ஒரு மீற்றர் போய் ஒரு மீற்றர் திரும்பி வர 4 மில்லி செக்கன். குழாயின் நீளம் எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்து வைக்கப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. வால் குழாயின் ஒடுக்கமும் அப்படித்தான். வயிற்றுக்குள் அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதுதான்.

இந்தக் கணக்கைப் பிடித்த மனிதரின் கதை சினிமாவுக்குக் கதை. கிழக்கு ஜேர்மனியில் ட்ஷோபாவ் என்ற சிற்றூரில் எம்இசட் கம்பனியின் பந்தயப் பிரிவை நடத்தியவர் வால்டர் காடன். அவருக்கு முன்பே டிகேடபிள்யூவில் எரிக் வோல்ஃப் இந்த வயிற்றுக் குழாயைப் போட்டுப் பார்த்திருந்தார். காடன் ஒஸிலோஸ்கோப்பை வைத்து அலையைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, குழாயை நீட்டிக் குறுக்கி, 1961இல் 125 சிசி எஞ்சினில் 25 குதிரைத்திறன் எடுத்தார். லீற்றருக்கு 200 என்ற எல்லையை, காற்றைப் பம்பு வைத்துத் திணிக்காமல், எட்டிய முதல் எஞ்சின் அது. அதே ஆண்டு செப்டெம்பரில் சுவீடன் பந்தயத்துக்குப் போன அவருடைய ஓட்டுநர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் அப்படியே தப்பியோடி, அந்த வித்தையை ஜப்பானுக்குக் கொண்டுபோய் சுஸுகியிடம் கொடுத்தார். மறு வருடம் 50 சிசி உலகப் பட்டம் சுஸுகிக்கு. ஒரு தேசத்தின் இரகசியத்தைத் திருடிக் கொண்டுபோய்ச் செய்த குழாயைத்தான் நம்மவர்கள் நோர்வூட்டில் நாலு வெட்டில் அறுத்து ஓரமாக எறிகிறார்கள்.

"ஆனா அறுத்ததும் வண்டி இழுத்துச்சே!" என்பார்கள். இழுத்திருக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஏன் இழுத்தது என்பதுதான் கேள்வி.

நம்முடைய ஓட்டம் எப்படிப்பட்டது? லயத்திலிருந்து பெரட்டுக்களம், அங்கிருந்து ஸ்டோர், ஸ்டோரிலிருந்து கடைவீதி. குளிரில் எஞ்சின் சரியாகச் சூடேறும் முன்னரே நிறுத்திவிடுகிறோம். கலவை ஏற்கெனவே தடித்தது. போதாததற்கு, ஒயில் பம்ப் மேல் நம்பிக்கை இல்லாமல் அதைக் கழற்றிவிட்டு, டாங்கியில் கைக்கு வந்தபடி டூ டி ஒயிலை ஊற்றிக் கலக்குகிறோம். இத்தனையும் சேர்ந்து எரியாத கரியாகப் படிகிறது. அப்படி ஓடிய ஒரு வண்டியின் குழாயைக் கழற்றி சிலிண்டரின் துவாரத்துக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். விளிம்பைச் சுற்றி மொரமொரவென்று கரி ஏறி, துவாரம் பாதியாகச் சிறுத்திருக்கும். வால் குழாயை இடுக்கியால் இழுத்தால் வராது. தார் போன்ற பிசின் பிடித்து வைத்திருக்கும். அந்த நிலையில் எங்கே வெட்டினாலும் அடைப்பு நீங்கும், வண்டி பாயத்தான் செய்யும். பாய்ந்தது அடைப்பு எடுபட்டதால். அதே காரியத்தைப் பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து, மொட்டையான அலுமினியத் துண்டால் கரியைச் சுரண்டி எடுத்தும் செய்யலாம். வால் குழாயை ஒற்றை ஆணியைக் கழற்றி எடுத்து, புளோ லாம்பில் காட்டித் தட்டினால் கரி பொலபொலவென்று உதிரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்து வேலை. குழாயும் மிஞ்சும், இழுவையும் மிஞ்சும்.

மிச்சத்தைக் காது செய்கிறது. சத்தம் கூடினால் வேகம் கூடியதாகத் தோன்றும். எதிரே கைக்கடிகாரத்தோடு ஒருவரை நிறுத்தி, அதே மேட்டை வெட்டுவதற்கு முன்னும் பின்னும் ஏறிப் பார்த்தவர் யாரும் இருந்தால் வந்து சொல்லட்டும்.

அறுப்பதோடு நிற்காதவர்களும் உண்டு. சிலிண்டரைக் கழற்றிப் புகைத் துவாரத்தை அரத்தால் மேலே உயர்த்துகிறார்கள். இதில் பவர் கூடவே கூடாது என்று சொல்லமாட்டேன். கூடும், எங்கேயோ உச்சச் சுற்றில். கீழ்ச் சுற்றில் இருந்த பலம் போய்விடும். இந்த வழியில் கடைசிவரை போனால் எங்கே நிற்கும் என்பதற்கும் சுஸுகியே உதாரணம்: 1967இல் அவர்களுடைய 50 சிசி பந்தய வண்டி நிமிடத்துக்கு 17,000க்கு மேல் சுற்றியது, பலம் இருந்த இடம் அவ்வளவு குறுகல் என்பதால் அதற்கு 14 கியர் வைக்க வேண்டியிருந்தது. நம்முடைய வண்டிக்கு ஐந்து. மேல் கணக்குக்குப் போகும் கொண்டை ஊசி வளைவில், கருங்கல் பாவிய றோட்டில், பின்னால் ஒரு மூட்டை கோதுமை மாவோடு முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போது எஞ்சின் சுற்றுவது இரண்டாயிரம், மூவாயிரம். அங்கே வேண்டியதை அரத்தால் அராவி எடுத்துவிட்டு, ஒருநாளும் போகாத எட்டாயிரத்தில் கொண்டுபோய் வைப்பது என்ன புத்தி?

எயார் ஃபில்டரைக் கழற்றுவதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. டூ ஸ்ட்ரோக்கில் காற்று முதலில் போவது கிராங்க் அறைக்குள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை தோட்டத்து றோட்டில் கொழுந்து லொறிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். அந்தத் தூசி முழுவதும் பெயாரிங்கிலும் பிஸ்டன் வளையத்திலும்தான் போய் அரைக்கும். பிறகு சிலிண்டரைக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் தேடிக் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக அலைய வேண்டியதுதான்.

பெற்றோல் விஷயத்திலும் இதே மயக்கம். 92க்குப் பதிலாக 95 அடித்தால் வண்டி பறக்கும் என்கிறார்கள். ஒக்டேன் என்பது பலத்தின் அளவு அல்ல. அழுத்தத்தில் தானாக வெடித்துவிடாமல் தாங்கும் அளவு. பழைய ட்ரெயில் எஞ்சினின் அமுக்கமே குறைவு. காற்று மெலிந்த மலையில் சிலிண்டருக்குள் அழுத்தம் இன்னும் குறையும். 95 வேண்டிய இடம் இதுவல்ல. 2022இல் கியூஆர் காட்டி வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் வாங்கிய காலத்தை மறந்திருக்க மாட்டோம். காபரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக்கில் நல்ல குழாய் இருக்கும்போதே ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாத பெற்றோல் எரியாமல் வெளியே போகிறது. அலையைத் திருப்பி அனுப்பும் வயிற்றையும் அறுத்தவர்கள் அந்த 4 லீற்றரில் எவ்வளவைக் காற்றுக்கு ஊற்றினார்கள் என்று அவர்களே கணக்குப் பார்க்கட்டும்.

கடைசியாக ஒரு வாதம் வைப்பார்கள்: ஏப்ரல் வசந்த காலத்தில் மகாகஸ்தோட்டையில் மலையேற்றப் பந்தயம் நடக்கிறதே, அங்கே ஓடும் வண்டிகள் காதைப் பிளக்கவில்லையா? பிளக்கின்றன. 1930களிலிருந்து தேயிலைத் தோட்டத்து றோட்டில் நடந்துவரும் பந்தயம்; நானும் வேலியோரம் நின்று பார்த்து இரசித்தவன்தான். ஆனால் பந்தய டூ ஸ்ட்ரோக்கின் குழாய் அறுத்த குழாய் அல்ல. நம்முடையதைவிட அதிகக் கணக்குப் போட்டுச் செய்த குழாய். சத்தம் அதனால் வருவது. பலம் சத்தத்தால் வருவதில்லை. அந்த வண்டி ஒரு மேட்டை ஒரு தரம் ஏறிவிட்டு அன்றிரவே கழற்றப்படும். திங்கட்கிழமை அதில் யாரும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போவதில்லை.

உண்மையில் மேட்டில் இழுக்க வேண்டும் என்றால் எஞ்சினைத் தொடாமலே ஒரு வழி இருக்கிறது. முன் ஸ்ப்ரொக்கெட்டில் 15 பல் இருந்தால் 14 பல் போடுங்கள். சக்கரத்தில் விழும் இழுவை 7 சதவீதம் கூடும். பின் ஸ்ப்ரொக்கெட்டிலும் இரண்டு மூன்று பல் கூட்டினால், நுவரெலியாவின் காற்றுப் பறித்ததில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். நேர் றோட்டில் உச்ச வேகம் குறையும். நானுஓயாவுக்கும் கந்தப்பளைக்கும் இடையில் உச்ச வேகத்துக்கு எங்கே இடம்?

ஏறினால் இறங்கவும் வேண்டும். அதில்தான் அரைகுறை வேலை எல்லாம் அம்பலமாகும். டாங்கியில் ஒயில் கலந்து ஓட்டுகிறவர்கள் இறம்பொடை வழியாகக் கண்டி றோட்டில் கைப்பிடியை மூடிவிட்டு கியரில் இறங்கும்போது, பெற்றோலும் போகாது, அதோடு ஒயிலும் போகாது. எஞ்சின் மட்டும் வறண்டு சுற்றும். இடையிடையே கைப்பிடியை ஒரு திருகுத் திருக வேண்டும். ஹட்டனுக்காகச் சின்ன ஜெட் போட்டவர் கினிகத்தேனை, கித்துல்கலை என்று அவிசாவளைக்கு இறங்கினால் ஏறக்குறைய 1,200 மீற்றர் இறக்கம்; கீழே காற்றுத் தடித்து, கலவை மெலிந்து, முழுத் திருகலில் பிஸ்டன் இறுகிப்போகும். அதற்காகப் பழைய ஜெட்டைத் தூர எறியாமல் டூல் பையிலேயே வைத்திருந்து, கினிகத்தேனையில் தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம். அறுத்த சைலன்சருக்கு அந்த வசதி இல்லை. வெல்டிங் பிடித்தாலும் பழைய நீளம் வராது.