"இதுக்கு பார்ட்ஸ் வராது தம்பி!"

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே அப்பாவின் பழைய டூ ஸ்ட்ரோக் பைக் ஒன்று பல வருடங்களாக நிற்கிறது. "எடைக்குப் போட்டுடலாம்" என்று அம்மா மாதம் ஒருமுறை சொல்வார். அப்பா பதில் பேசாமல் ஒரு துணியை எடுத்து டேங்க்கைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

போன மாதம் மெக்கானிக் அண்ணனைக் கூட்டி வந்தேன். கிக்கரை நாலு முறை உதைத்துப் பார்த்தவர், பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருக்கும் அந்த வசனத்தைச் சொன்னார். "இதுக்கு பார்ட்ஸ் வராது தம்பி!"

பார்ட்ஸ் வராவிட்டால் என்ன, நானே செய்துகொள்கிறேன் என்று கிளம்பிய ஒருவர் இருக்கிறார். பெயர் பர்ட் மன்றோ. 2005-ல் ஆண்டனி ஹாப்கின்ஸ் நடித்து வந்த 'தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இந்தியன்' இவருடைய கதைதான். தலைப்பைப் பார்த்து நம்மூர்க்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கும் இன்வர்கார்கில் பகுதிக்காரர். 'இந்தியன்' என்பது அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் தயாரான பைக்கின் பிராண்ட் பெயர்.

1899-ல் பிறந்த மன்றோ, 1920-ல் ஒரு இந்தியன் ஸ்கவுட் வாங்கினார். 600 சிசி வி-ட்வின் இன்ஜின். மணிக்கு 90 கி.மீ-யைத் தொடுவதே பெரிய விஷயம். 1926-ல் அதில் கை வைக்க ஆரம்பித்தவர், அடுத்த நாற்பது வருடங்களுக்கு மேல் நிறுத்தவே இல்லை. பகலில் பைக் விற்பனை வேலை, ராத்திரியில் ஷெட். வாங்கும்போது புது வண்டி. அவர் வேலை பார்க்கப் பார்க்கவே அது விண்டேஜ் வண்டி ஆகிவிட்டது!

தகர டப்பாவில் பிஸ்டன்

அவர் கையில் பணம் குறைவு. அதனால் உலோகத்தை உருக்கி, பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்து பிஸ்டன் வார்த்தார். சிலிண்டருக்கு, கழித்துப்போட்ட வார்ப்பிரும்பு கேஸ் குழாய். கனெக்டிங் ராடுக்கு, கனரக வண்டி ஒன்றின் பழைய ஆக்ஸில்.

சொல்வதற்கு எளிது, செய்வது அப்படியில்லை. அலுமினியம் ஆறும்போது சுருங்கும். அதனால் பிஸ்டனைக் கொஞ்சம் பெரிதாக வார்த்து, பிறகு கடைந்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அளவு மயிரிழை கூடினால் சூட்டில் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும், இன்ஜின் சீஸ். குறைந்தாலோ கம்ப்ரஷன் நிற்காது. இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால், பிஸ்டன் விநாடிக்கு 100 முறை மேலே போய் கீழே வரும். அத்தனை முறையும் இழுபடுவது கனெக்டிங் ராடுதான். இவ்வளவு நுணுக்கமான வேலைக்கு மன்றோ மைக்ரோமீட்டராக வைத்திருந்தது என்ன தெரியுமா? ஒரு பழைய ஸ்போக்!

எல்லாம் சரியாக வந்துவிட்டதா என்றால், இல்லை. உடைந்த பிஸ்டன், வெடித்த சிலிண்டர், வளைந்த ராடு எதையும் அவர் தூக்கிப் போடவில்லை. ஷெட்டில் ஒரு அலமாரியில் வரிசையாக அடுக்கி, வேகக் கடவுளுக்குச் செலுத்திய காணிக்கைகள் என்ற பொருளில் எழுதியும் வைத்தார். எனக்கு அவருடைய சாதனையைவிட அந்த அலமாரிதான் பெரிதாகத் தெரிகிறது. ஒவ்வொரு உடைந்த துண்டும், அடுத்ததை எப்படிச் செய்யக் கூடாது என்று சொல்லிக்கொடுத்த பாடம்.

63 வயதில் உப்புத் தரையில்

1962-ல், தன் 63-வது வயதில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் பான்வில் உப்புச் சமவெளிக்கு வண்டியைக் கொண்டுபோனார். மணிக்கு 288 கி.மீ. சாதனை! 1967-ல் மறுபடியும் போனார். இன்ஜின் அப்போது 950 சிசி-க்கு வளர்ந்திருந்தது. 1,000 சிசி-க்குக் குறைவான பிரிவில் மணிக்கு 296 கி.மீ. ஓட்டியவருக்கு வயது 68, வண்டிக்கு 47. சராசரி போட்டதில் நடந்த ஒரு பிழையால் அந்த வேகம் அன்று சற்றுக் குறைவாகவே பதிவானது. பல வருடங்கள் கழித்து அவருடைய மகன் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல, 2014-ல் திருத்தினார்கள். அப்பா 1978-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. நான்கு குழந்தைகள் பிறந்த அவருடைய திருமணம் விவாகரத்தில் முடிந்தது. வேலையையும் விட்டுவிட்டு ஷெட்டிலேயே தங்கி வாழ்ந்தார். பலமுறை விழுந்து அடிபட்டார். அவரைக் கொண்டாடும்போது இதையும் மறக்காமல் இருப்பதுதான் நியாயம்.

நமக்கு 296 கி.மீ வேண்டாம். தெருமுனை டீக்கடை வரை போனால் போதும். கிக்கருக்கு ஒரு புஷ் கடைந்து தரச் சொல்லி லேத் பட்டறையில் கொடுத்தோம். முதல் புஷ் சரியாக உட்காரவில்லை. இரண்டாவது உட்கார்ந்துவிட்டது. பட்டறைக்காரர் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். "பிரேக், ஃபோர்க் பக்கம் மட்டும் இப்படி ஒட்டுவேலை பார்க்கக் கூடாது தம்பி, அது உயிர் விஷயம்."

வண்டி இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை. அடுத்து கார்பரேட்டர் வேலை இருக்கிறது. சரியாக உட்காராத அந்த முதல் புஷ்ஷை அப்பா டிவி பக்கத்தில் வைத்திருக்கிறார். அம்மா தூசி தட்டும்போது அதை எடுத்துத் துடைத்துவிட்டு, அதே இடத்தில் திரும்ப வைக்கிறார். எடைக்குப் போடும் பேச்சை இந்த மாதம் எடுக்கவில்லை.