பெயர் மாறிய கருமந்தி

ஆனைமலைப் புலிகள் காப்பகம் கோவை, திருப்பூர் ஆகிய இரு மாவட்டங்களில் பரவியுள்ளது. உடுமலை, அமராவதி வனச்சரகங்கள் நம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அந்த மலைக்காடுகளில் வாழும் கருமந்தி, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாதது. 'கருங்குரங்கு லேகியம்' என்ற மூடநம்பிக்கைக்காக வேட்டையாடப்பட்ட இந்த விலங்கின் அறிவியல் பெயரையே மரபணு ஆய்வு மாற்றிவிட்டது.

திருப்பூர்வாசிகளுக்கு வகைப்பாட்டின் முக்கியத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. சுங்கப் பட்டியலில் பின்னலாடைக்கு 61-ஆம் அத்தியாயம். நெய்த துணியில் தைத்த ஆடைக்கு 62-ஆம் அத்தியாயம். நிறமும் வெட்டும் ஒன்றுபோல் இருந்தாலும், துணிக்குள் நூல் கோக்கப்பட்ட விதமே அதைத் தீர்மானிக்கிறது.

விலங்கியலாளர்கள் நெடுங்காலம் உரோமத்தின் நிறத்தையும், மண்டையோட்டின் அமைப்பையும் கொண்டே குரங்குகளை வகைப்படுத்தினர். அவ்வாறே கருமந்தி, தென்கிழக்கு ஆசிய இலைக்குரங்குகளின் 'டிரக்கிபித்தேக்கஸ்' பேரினத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பிரவீண் காரந்தும் பிற ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, கருமந்தியும் இலங்கையின் ஊதாமுக மந்தியும் நம் அனுமன் மந்திக்கே நெருங்கிய உறவினர் என்று காட்டியது. இன்று அவை 'செம்னோபித்தேக்கஸ்' பேரினத்தில் வைக்கப்படுகின்றன.

மரபணுவும் எப்போதும் ஒரே விடையைத் தருவதில்லை. அஸ்ஸாமிலும் பூடானிலும் வாழும் பொன்னிற மந்தியின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஓர் உறவைக் காட்ட, உட்கருவின் டிஎன்ஏ வேறோர் உறவைக் காட்டியது. தொல்பழங்காலத்தில் இரு வம்சங்கள் கலந்ததன் அடையாளமாக இது இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. பரிணாமம் கிளைவிடும் மரம் மட்டுமன்று. பிரிந்த கிளைகள் மீண்டும் பின்னிக்கொள்வதும் உண்டு.

இவை ஏட்டளவிலான விவாதங்கள் அல்ல. உடுமலை, பல்லடம் காற்றாலைகளுக்குக் காற்றைக் கொணரும் அதே பாலக்காட்டுக் கணவாய், சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கையும் இரண்டாகப் பிரித்துள்ளது. கணவாய்க்கு வடக்கே வாழ்பவையும் தெற்கே ஆனைமலையில் வாழ்பவையும் மரபணு அளவில் வேறுபட்டவை என்பதை ஹைதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மைய ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். இதை அறியாமல் ஒரு பகுதியின் குரங்குகளை மறுபகுதியில் விட்டால், நீண்டகாலம் தனித்தனியே உருவான இரு வம்சங்களை நாமே கலந்துவிடுவோம். ஊருக்குள் பிடிபடும் நாட்டுக்குரங்குகளைத் தொலைதூரக் காடுகளில் விடுவதற்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

பொருளியலில் ஓர் அடிப்படைப் பாடம் உண்டு: திருத்த முடியாத முடிவை எடுக்குமுன் தகவலுக்குச் செலவிடுவது வீண்செலவன்று. குரங்கைப் பிடிக்காமலேயே, காட்டில் கிடக்கும் அதன் கழிவிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுக்க இன்று இயலும். இடமாற்றத்துக்கு முன் மரபணுப் பரிசோதனையைக் கட்டாயமாக்க வேண்டும். வனத்துறையும் பல்கலைக்கழகங்களும் இணைந்து அதற்கான தரவுத்தளத்தை உருவாக்க வேண்டும்.

பரம்பிக்குளம் - ஆழியாறு பாசனத்தின் வழியே ஆனைமலையின் நீரைப் பெறும் மாவட்டம் இது. அந்த மலையில் யார் வாழ்கிறார்கள் என்பதைச் சரியாக அறிந்துகொள்வது நமது குறைந்தபட்சக் கடமை.